மூன்றாவது ஜாக்கி

அறுபத்தோரு நாள் தடை இன்று நள்ளிரவு தீரும்.
எனக்கு அது பதினெட்டு நாளுக்கு முன்னாலேயே தீர்ந்தது,
மண்டபம் ஐஸ் பிளாண்ட்டில்,
அமோனியா நெடி ஏறிய காலண்டரின் பின்பக்கத்தில்.

போன வருஷம் நாலு டன் கணவாய்.
உச்சிப்புளி தாண்டி லாரி டயர் வெடித்தது.
ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இல்லை.
தூத்துக்குடிக் கம்பெனி வாசலில்
தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்த பையன்
ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் துடைத்துக்கொண்டான்.
அத்தனையும் தீவன ஆலைக்குப் போனது.
"விடுங்க டெல்மா" என்றார் முதலாளி,
விட்டதன் ஞாபகமாக என் சம்பளத்தில் பிடித்தார்.

அன்றிலிருந்து எனக்குக்
கடல் என்றால் ஒரு ஜாக்கி.

குடிக்கிற தண்ணீரைக் குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு
வாங்குகிற ஊரில்
தண்ணீரை உறைய வைத்து மீனுக்குக் கொடுக்கிறோம்.
கட்டி ஐம்பது கிலோ என்பது பில்லில்.
நிழலில் ஒன்றை நிறுத்தி மணிக்கொருதரம் தராசில் ஏற்றினேன்.
நாற்பத்தாறு. நாற்பத்திரண்டு.
சாயல்குடி போய்ச் சேரும் நேரத்துக்கு முப்பத்தைந்து.
எண்களைச் சுவரில் எழுதினேன்.
கீழே டிரைவர் நத்தர் கனியின் நம்பர்,
அவர் எடுக்காவிட்டால் மச்சான் நம்பர்,
மச்சானும் எடுக்காவிட்டால்
இருவரும் டீ குடிக்கும் கடை நம்பர்.

லாரிக்குள் சாக்பீஸால் கட்டம் போட்டேன்.
கடைசியில் இறங்குவது முதலில் ஏறணும்.
நண்டு கீழக்கரையில் இறங்கும், கதவோரம்.
கணவாய் தூத்துக்குடி வரை, உள்ளே.
"கோலமாக்கா?" என்றான் சேதுராசு.
ஆமாடா, நண்டு வந்து உட்காரப் போகுது.
சிரித்தான். ஆனாலும்
கோட்டை மிதிக்காமல்தான் இறங்கினான்.

டீசல் இரண்டு பேரல். அரவை மெஷினுக்கு மாற்று பெல்ட்.
ஜாக்கி மூன்று.
மூன்றாவது எதற்கென்று கேட்ட முதலாளிக்குப்
பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆறுக்கு அரவை.
பதினோரு நிமிஷத்தில் ஒரு டிராக்டர் நிரம்பியது.
போன வருஷம் இருபத்தாறு.
யாரும் பார்க்காதபோது
என்னை நானே ஒருதரம் மெச்சிக்கொண்டேன்.

எட்டரைக்குக் கச்சான் வலுத்தது.
முதலில் தகரக் கூரை சொன்னது,
பிறகு கொடிக்கம்பம்,
எல்லோருக்கும் கடைசியாக மீன்துறை ஆபீஸ்:
நாளைக்கு டோக்கன் கிடையாது.

ஜெட்டிக்குப் போகும் வழியில் ஏழு டிராக்டர் நின்றது.
அரைத்த ஐஸை மறுபடி கட்டியாக்கும் மெஷினை
இன்னும் யாரும் செய்யவில்லை.
என் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மாற்று இருந்தது,
காற்றுக்கு இல்லை.
நத்தர் கனி துண்டைச் சுற்றி
மூன்றாவது ஜாக்கியைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்.

டிராக்டர் அடியில் சொட்டத் தொடங்கியபோது
முதல் குடம் வந்தது.
யாரும் இன்டென்ட் போடவில்லை, போன் அடிக்கவில்லை.
இருபது நிமிஷத்தில் அறுபது குடம்,
நாலு மீன் பெட்டி,
பிள்ளையைக் குளிப்பாட்டும் பேசின் ஒன்று.
விடிந்தால் தண்ணீர்: துவைக்க ஆகும், துலக்க ஆகும்.
காலிக் குடம் ஒரு பக்கம் நுழைந்தது,
நிறைகுடம் மறுபக்கம் வெளியேறியது,
ஒன்றும் ஒன்றை இடிக்கவில்லை.
தரையில் கோடு எதுவும் இல்லை.
பாத்துமுத்து என்றொருத்தி நடுவில் நின்று
கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்,
வாரம் ஒருமுறை மணி சொல்லாமல் வரும்
தண்ணீர் லாரியில் பழகிய கை.

சேதுராசு மணி பார்த்திருக்கிறான்.
"டிராக்டருக்கு ஒன்பது நிமிஷம்க்கா."

நோட்டை எடுத்துச்
செலவுப் பக்கத்தில் ஏழு டிராக்டர் என்று எழுதினேன்.
வரவுப் பக்கத்தில் பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு எழுந்துபோய்ச்
சுவரில் டீக்கடை நம்பருக்குக் கீழே
அவள் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.